‘ஏதாவது வேணும்னா சொல்லு’ என்பவர்களிடம் என்ன சொல்வது?

பதில் தருபவர்: மார்பக அறுவை சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் செவிலியர்

கேள்வி: அன்புள்ள சிஸ்டருக்கு, எனக்கு வயது 47. இடது மார்பகத்தை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்திருக்கிறார்கள். இன்றோடு 11 நாள் ஆகிறது. வீட்டுக்கு வந்துவிட்டேன், புண்ணில் ஊறும் நீர் வடிய வைத்த டிரெயின் குழாய் மட்டும் இன்னும் இருக்கிறது. நான் தனியாக வசிப்பவள். பெற்றோர் இல்லை, தம்பி தூர தேசத்தில். எனக்கென்று இருப்பது ஐந்து தோழிகள்தான், படிக்கிற காலத்திலிருந்து கூட வருகிறவர்கள். ஒருத்தி தினமும் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். ஒருத்தி ‘இதைச் செய்தால் புற்றுநோய் திரும்பவே வராது’ என்று வீடியோ வீடியோவாக அனுப்புகிறாள். ஒருத்தி முதல் நாளிலிருந்து ராத்திரி என்னோடுதான் படுக்கிறாள். பகலில் வேலைக்கும் போகிறாள், கண்ணெல்லாம் குழி விழுந்துவிட்டது. நாலாமவள் வருவாள், அதிகம் பேசமாட்டாள், பாத்திரம் கழுவி வைத்துவிட்டுப் போவாள். ஐந்தாமவள்தான் எல்லோரையும்விட எனக்கு நெருக்கம். அவள் இன்னும் வரவே இல்லை. எல்லோரும் ‘ஏதாவது வேணும்னா சொல்லு’ என்கிறார்கள். எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. அவர்கள் இருந்தால் களைப்பாக இருக்கிறது, போனால் பயமாக இருக்கிறது. கையைத் தூக்கவும் பயம். தையல் போட்ட இடத்தை இன்னும் நான் பார்க்கவில்லை. இவர்களுக்குச் சுமையாகாமல் எப்படித் தேறி வருவது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உடம்பை எப்படித் தேற்றுவது, தோழிகளை எப்படிச் சமாளிப்பது என்று இரண்டு கேள்விகளாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது ஒரே கேள்வியாகத்தான் படுகிறது. என்ன வேலை இருக்கிறது என்று தெரியாததால்தான் ஒருத்தி அழுகிறாள், ஒருத்தி வீடியோ அனுப்புகிறாள், ஒருத்தி தூக்கத்தைத் தொலைக்கிறாள். ‘ஏதாவது வேணும்னா சொல்லு’ என்பது அன்பான பேச்சுதான், குறை சொல்லவில்லை. ஆனால் என்ன தேவை என்று யோசிப்பது, யாரால் முடியும் என்று பார்ப்பது, கேட்கலாமா என்று தயங்குவது, பிறகு வாய்விட்டுக் கேட்பது எல்லாவற்றையும் அது நோயாளியின் தலையிலேயே வைத்துவிடுகிறது. அறுவை முடிந்து 11 நாளான ஒருவருக்கு அது பெரிய வேலை. அதனால் வேலைகள் என்னென்ன என்று நான் சொல்கிறேன். யாரிடம் எதைக் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதையும் சொல்கிறேன். அவர்களை அறிந்தவர் நீங்கள், மாற்றிக்கொள்ளலாம்.

டிரெயினிலிருந்து தொடங்குவோம். இப்போதைக்கு உங்கள் நாள் அதைச் சுற்றித்தானே ஓடுகிறது. மார்பகத்தையும், நீங்கள் நெறிக்கட்டி என்று எழுதிய நிணநீர் முடிச்சுகளையும் எடுத்த இடத்தில் நீர் ஊறும். அது உள்ளே தேங்காமல் வெளியேறத்தான் இந்தக் குழாய். காலையிலும் மாலையிலும், குழாயின் நுனியில் நீர் சேரும் குமிழான பல்பைத் திறந்து, அளவுக் குவளையில் ஊற்றி, எத்தனை மில்லி, என்ன நிறம் என்று ஒரு நோட்டில் குறித்துவிட்டு, பல்பை நன்றாக அமுக்கிப் பிடித்தபடியே மூடியைப் போட வேண்டும். அமுக்காமல் மூடினால் உறிஞ்சும் விசை இருக்காது, குழாய் சும்மா தொங்கும். தொடுவதற்கு முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். முதலில் சிவப்பாக வரும் நீர் பிறகு இளஞ்சிவப்பாகி, அப்புறம் வெளிர் மஞ்சளாக மாறும். 24 மணி நேரக் கணக்கு 20, 30 மில்லிக்குக் கீழே இறங்கி, அடுத்த நாளும் அப்படியே இருந்தால் பெரும்பாலான அறுவை மருத்துவர்கள் குழாயை எடுத்துவிடுவார்கள். சிலருக்கு ஒரு வாரத்தில் அந்த நாள் வரும், சிலருக்கு மூன்று வாரம்கூட ஆகும். 11ஆம் நாளிலும் குழாய் இருக்கிறதே என்று கலங்க வேண்டாம். அக்குள் முடிச்சுகளையும் எடுத்திருப்பதால் நீர் சற்றுக் கூடுதலாகவே வரும்.

இந்த நோட்டை உங்கள் வீடியோ தோழியிடம் கொடுங்கள். அவருக்குத் தகவல் வேண்டும். எதையாவது தெரிந்துகொண்டு அதை உங்களுக்காகப் பயன்படுத்த வேண்டும் என்ற துடிப்பு இருக்கிறது. வீடியோவில் போகும் அந்தத் துடிப்பை நோட்டுக்குத் திருப்பிவிடுங்கள். தினமும் டிரெயின் அளவு, எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, காய்ச்சல் உண்டா, மருத்துவரிடம் கேட்க வேண்டியவை, ரிப்போர்ட்டுகள் வைக்கும் ஃபைல் எல்லாம் அவர் பொறுப்பு. நேரில் வர முடியாத நாளில் நீங்கள் போனில் எண்ணைச் சொல்லுங்கள், அவர் எழுதிக்கொள்வார். இத்தோடு வீடியோ நின்றுவிடும் என்று நான் உறுதி சொல்லமாட்டேன். நிற்காவிட்டால், ‘நீ அனுப்புறதை எல்லாம் ஒரே இடத்துல எழுதி வை, அடுத்த தடவை டாக்டர்கிட்ட சேர்த்துக் கேட்போம்’ என்று சொல்லிவிடுங்கள். பார்க்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. ஒன்றில் மட்டும் கண்டிப்பு வேண்டும். மருத்துவர் அறியாமல் எந்தப் பொடியோ, கஷாயமோ, மாத்திரையோ உள்ளே போகக் கூடாது. சிலவகைப் பச்சிலை மருந்துகள் ரத்தக் கசிவைக் கூட்டும், சில பின்னால் வரும் சிகிச்சை மருந்துகளோடு மோதும்.

நோட்டின் முதல் பக்கத்தில், உடனே மருத்துவமனைக்குப் போன் செய்ய வேண்டிய சமயங்களைப் பெரிய எழுத்தில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸை எட்டினால். தையலைச் சுற்றிச் சிவப்பும் சூடும் பரவினால். சீழோ துர்நாற்றமோ தெரிந்தால். வெளிறிவந்த நீர் திடீரென்று அடர் சிவப்பாகி பல்பு மளமளவென்று நிறைந்தால். குழாய் தானாகக் கழன்று வந்துவிட்டால். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கம் வந்தால் போன் செய்து காத்திருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். குழாய் எடுத்த பிறகு தோலுக்கடியில் நீர் சேர்ந்து, தொட்டால் தளும்புவது சகஜம். அதற்குச் செரோமா என்று பெயர். சிறிதாக இருந்தால் உடம்பே உறிஞ்சிக்கொள்ளும், பெரிதாகி இழுத்துப் பிடித்தால் ஊசி போட்டு எடுப்பார்கள். அந்தப் பகுதி மரத்திருப்பதால் ஊசி அவ்வளவாக வலிக்காது.

இப்போது இரவுத் தோழி. எனக்கு உங்களைவிட அவரைப் பற்றித்தான் கவலை. எழுந்து நடக்கவும், கழிப்பறைக்குப் போகவும், மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொள்ளவும் உங்களால் முடிகிறது என்றால், 11ஆம் நாளில் இரவு முழுக்க ஒருவர் உடன் படுக்க வேண்டிய மருத்துவக் காரணம் பெரும்பாலும் இல்லை. பயம் இருக்கிறது, அது வேறு. அதற்குத் தலைமாட்டில் ஒரு போனும், வாசற்கதவின் மாற்றுச் சாவி அவரிடமும் இருந்தால் போதும். இன்றே அவரை வீட்டுக்கு அனுப்பித் தூங்கச் சொல்லுங்கள். கோபித்துக்கொண்டால் காரணத்தைச் சொல்லுங்கள். அவருடைய வேலை இன்னும் தொடங்கவே இல்லை என்பதுதான் காரணம்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வார்டில் நான் பார்த்துக்கொண்டே இருப்பது இதுதான்: அறுவை நடந்த வாரத்தில் கட்டிலைச் சுற்றிக் கூட்டம் தாங்காது. மூன்றாவது வாரம் பாதியாகும். இரண்டு மாதம் கழித்து, தையல் ஆறிவிட்டது, ஆள் நடமாடுகிறாள், இனி என்ன என்று எல்லோரும் அவரவர் வீட்டைப் பார்க்கப் போயிருப்பார்கள். உங்கள் சிகிச்சையோ அப்போதுதான் சூடு பிடித்திருக்கும். உங்களுக்குக் கீமோ தேவையா என்று, எடுத்த திசுவைச் சோதித்துத் தரும் பேத்தாலஜி ரிப்போர்ட் வந்த பிறகுதான் முடிவாகும். தேவைப்பட்டால் புண் ஆறியதும், அநேகமாக 4 முதல் 6 வாரத்துக்குள் தொடங்குவார்கள். சில மாதங்கள் ஓடும். கதிர்வீச்சு என்றால் வாரத்துக்கு 5 நாள் வீதம் 3 வாரமோ 5 வாரமோ தினமும் போய்வர வேண்டியிருக்கும். கட்டி ஹார்மோன் சார்ந்தது என்றால் 5 முதல் 10 ஆண்டு வரை தினம் ஒரு மாத்திரை. கட்டியில் ஹெர்2 என்ற புரதம் மிகுதியாக இருக்கும் வகை என்றால் அதற்கான ஊசி மருந்து மட்டும் ஏறத்தாழ ஓராண்டு. இவை எல்லாம் உங்களுக்கு வரும் என்று சொல்லவில்லை. எதுவோ ஒன்று, சிலருக்கு இரண்டு மூன்று, பெரும்பாலும் வரும். ஆகவே கைவசம் இருக்கும் ஐந்து பேரின் தெம்பை முதல் இரண்டு வாரத்திலேயே செலவழித்துவிடக் கூடாது. கீமோ நாளும் அதற்கடுத்த மூன்று நான்கு நாளும் யாரேனும் பக்கத்தில் இருந்தால் நல்லது. அந்த இரவுகளை இவருக்கு ஒதுக்கி வையுங்கள். ‘இப்ப போய்த் தூங்கு, அப்ப நீ எனக்கு வேணும்’ என்று சொன்னால் எந்தத் தோழியும் போய்விடுவார்.

ஒரு நாட்காட்டி எடுத்து, அதில் ஆட்களின் பெயரை எழுதுங்கள். யார் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, என்ன காரியம். செவ்வாய் காலை குளிக்கத் துணை. வியாழன் மருத்துவமனைக்கு வண்டி. ஞாயிறு யாரும் வர வேண்டாம். வருகிறவர் எத்தனை நேரம் இருப்பார் என்பதையும் எழுதுங்கள்; அரை மணி நேரம் என்று எழுதினால் அரை மணியில் கிளம்புவதில் யாருக்கும் மனவருத்தம் வராது. ‘அவர்கள் இருந்தால் களைப்பு, போனால் பயம்’ என்று எழுதியிருந்தீர்களே, அடுத்தவர் எப்போது வருவார் என்று தெரிந்துவிட்டாலே அந்தப் பயத்தில் பாதி போய்விடும். களைப்பு மட்டும் உடனே போகாது. அறுவைக்குப் பிறகான களைப்பு தூங்கினால் தீர்கிற வகை இல்லை. வாரக்கணக்கில் இருக்கும், கீமோவும் கதிர்வீச்சும் அதைக் கூட்டும். அதற்கு நல்ல மருந்து, நம்பக் கடினமாக இருந்தாலும், தினமும் கொஞ்சம் நடப்பதுதான்.

நடப்பதும் கையும் சேர்ந்து அழுகிற தோழிக்கு. சிரிக்காதீர்கள், யோசித்துத்தான் சொல்கிறேன். அவர் தினமும் வருகிறார், உங்கள் கையைப் பிடிக்கிறார். பிடிக்கிற கையை வைத்தே வேலை வாங்கிவிடலாம்.

கையைத் தூக்கினால் தையல் பிரிந்துவிடும் என்ற பயம் எல்லோருக்கும் வருவது. அந்தப் பயத்தில் கையை மார்போடு ஒட்டி வைத்துக்கொண்டால் இரண்டு மூன்று வாரத்தில் தோள் இறுகிவிடும், பிறகு அதை இளக்குவது வலியான காரியம். கதிர்வீச்சு கொடுக்கும்போது கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்தபடி அசையாமல் படுத்திருக்க வேண்டும். கை போகாவிட்டால் அந்தச் சிகிச்சையே தள்ளிப்போகக்கூடும். தோள் பயிற்சியில் நாங்கள் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கு முக்கியக் காரணமே அதுதான்.

டிரெயின் இருக்கும்வரை கையைத் தோள் உயரத்துக்கு மேல் தூக்க வேண்டாம் என்பதுதான் பொதுவாகச் சொல்லும் அளவு. அதற்குக் கீழே எவ்வளவோ செய்யலாம்: விரல்களை மடக்கி விரிப்பது, முழங்கையை மடக்கி நீட்டுவது, தோள்களை மேலே தூக்கி இறக்கிச் சுழற்றுவது. முகம் கழுவுவது, தலை சீவுவது, சட்டை பொத்தான் போடுவது எல்லாவற்றையும் இடது கையாலும் செய்யுங்கள், தோழி ஓடிவந்து செய்துவிட வேண்டாம். குழாய் எடுத்து, உங்கள் மருத்துவரோ இயன்முறை மருத்துவரோ சரி என்றதும், சுவரைப் பார்த்து நின்று விரல்களால் மெல்ல மெல்ல மேலே ஏறும் பயிற்சி. தினம் எந்த உயரம் வரை போகிறது என்று தோழி சுவரில் பென்சிலால் ஒரு கோடு போடட்டும். இழுக்கிற உணர்வு இருக்கலாம், சுருக்கென்று குத்தும் வலி இருக்கக் கூடாது. வலி மாத்திரை போட்டு அரை மணி கழித்துச் செய்வது எளிது. மாத்திரையைத் தவிர்ப்பது வீரம் ஆகாது. நிரம்பிய வாளி, கனமான பை, குழந்தை எதையும் அந்தக் கையால் 4 முதல் 6 வாரம் தூக்கக் கூடாது.

சில வாரங்களில் அக்குளிலிருந்து முழங்கை நோக்கி, சிலருக்கு அதையும் தாண்டி, தோலுக்கடியில் கயிறு ஓடுவதுபோல இறுக்கமாக ஒன்று தெரியலாம். கையை நீட்டினால் அது நாணாக விறைக்கும். பயந்துபோய்ப் பயிற்சியை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. நிறுத்தக் கூடாது. முடிச்சுகளை எடுத்த பிறகு பலருக்கு வருவதுதான் அது, ஆபத்து இல்லை, இழுத்து நீட்டும் பயிற்சியாலேயே சில மாதங்களில் இளகும். மேல்கையின் உட்புறம் மரத்துப்போவதும், எரிவதும், பூச்சி ஊர்வதுபோல இருப்பதும் அக்குள் வழியாகப் போகும் ஒரு தோல் நரம்பு அறுபட்டதாலோ இழுபட்டதாலோ வருவது. நாளடைவில் அதன் பரப்பு சுருங்கும். ஒரு சிறு இடம் நிரந்தரமாக மரத்தே இருந்துவிடவும் கூடும். எடுத்துவிட்ட மார்பகம் இன்னும் அங்கேயே இருப்பதாகத் தோன்றுவதும், அது அரிப்பதும்கூட உண்மையான உணர்வுகள்தான். உங்களுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. ஆனால் வலி 3 மாதத்துக்கு மேலும் தொடர்ந்தால் ‘அறுவை என்றால் வலிக்கத்தானே செய்யும்’ என்று பொறுத்துக்கொண்டு இருக்காதீர்கள். அந்த நரம்பு வலிக்குத் தனி மருந்துகள் இருக்கின்றன.

அழுகையைப் பற்றி. சூசன் சில்க் என்ற அமெரிக்க உளவியலாளருக்கே மார்பகப் புற்றுநோய் வந்தது. அறுவைக்குப் பிறகு யாரும் வர வேண்டாம் என்று அவர் சொன்னபோது, உடன் வேலை செய்த ஒருவர் ‘இது உன்னைப் பற்றியது மட்டும் இல்லை’ என்றாராம். அதற்குப் பிறகு சில்க் வகுத்த வழி மிக எளிது. நடுவில் நோயாளி. சுற்றிலும் வட்டம் வட்டமாக மற்றவர்கள், நெருங்கியவர் உள்வட்டத்தில், தூரத்தவர் வெளிவட்டத்தில். ஆறுதல் உள்நோக்கி வர வேண்டும், புலம்பல் வெளிநோக்கிப் போக வேண்டும். உங்கள் தோழி தாராளமாக அழட்டும், மற்ற நான்கு பேரில் ஒருவரிடம் போய் அழட்டும். ‘நீ அழுதா நான் உன்னைத் தேற்ற வேண்டியிருக்கு, எனக்கு இப்ப அதுக்குத் தெம்பு இல்ல. வா, நடந்துட்டு வரலாம்’ என்று ஒரு தடவை சொல்லுங்கள். ஒரு தடவைதான் கஷ்டம். சேர்ந்து அழ வேண்டும் என்று உங்களுக்கே தோன்றுகிற நாளில் அழுதுகொள்ளலாம், அதை யாரும் தடுக்கவில்லை.

பேசாத தோழிக்கு வைத்திருக்கும் வேலைதான் இருப்பதிலேயே பெரியது. தையலை நீங்கள் முதன்முதலில் பார்க்கும்போது பக்கத்தில் இருக்க வேண்டியவர் அவர். பார்த்ததும் ‘ஐயோ’ என்றோ, ‘ஒண்ணுமே இல்ல, நல்லாத்தான் இருக்கு’ என்றோ சொல்லாத ஒருவர் தேவை. கடிதத்தில் நீங்கள் சொன்ன இரண்டு வரியை வைத்துப் பார்த்தால் அவர் அப்படிப்பட்டவராகத் தெரிகிறார். அடுத்த முறை கட்டு மாற்றும்போது மருத்துவமனையிலேயே, செவிலியர் இருக்கும்போது, அவரையும் அழைத்துப் பாருங்கள். கண்ணாடி வேண்டாம், முதலில் குனிந்து மேலிருந்து பார்த்தால் போதும். வீட்டுக் கண்ணாடி அதற்கடுத்த நாள். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் பார்க்கிறவர்களும் உண்டு.

என்ன தெரியும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மார்பின் குறுக்கே அக்குளை நோக்கி ஒரு நீண்ட கோடு. அதன் ஓரங்களில் கொஞ்சம் வீக்கமும் சுருக்கமும். சுற்றிலும் நீலமும் மஞ்சளுமாகக் கன்றிப்போன நிறம். அக்குள் பக்கத்து முனையில் தோல் சற்றுப் புடைத்து மடிந்திருக்கலாம். இப்போது பார்ப்பது நிலையான தோற்றம் இல்லை. சிவந்து தடித்திருக்கும் தழும்பு வெளுத்துத் தட்டையாக ஓராண்டுக்கு மேலும் ஆகும். பார்த்துவிட்டு நீங்கள் உடைந்துபோகலாம். ஒன்றுமே தோன்றாமலும் இருக்கலாம். அழுகை வரவில்லையே என்று அதற்காக வருந்துகிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். எதுவானாலும் சரிதான். பார்க்காமலே தள்ளிப்போடுவதில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது: சிவப்பு பரவுகிறதா, நீர் கோக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டியவர் நீங்கள். அதுவரை அந்தப் பார்வையை இவர் உங்களுக்காகப் பார்க்கட்டும்.

வெளியே போக வேண்டிய நாளுக்கு, தையலை அழுத்தாத, பஞ்சு வைத்த இலேசான செயற்கை மார்பகம் இருக்கிறது. தளர்வான உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ளலாம். கனமுள்ள சிலிக்கான் வகைக்குப் புண் முழுக்க ஆற வேண்டும், 6 முதல் 8 வாரம் ஆகும். எதையும் வைக்காமலே இருப்பதும் உங்கள் விருப்பம். மார்பகத்தைத் திரும்ப உருவாக்கும் அறுவையை மாதங்கள், ஆண்டுகள் கழித்தும் செய்துகொள்ள முடியும். யாராவது இப்போதே முடிவெடுக்கச் சொல்லி நெருக்கினால் காதில் வாங்காதீர்கள்.

வராத தோழி. இதை எழுதிய இடத்தில் உங்கள் எழுத்தே சற்று மாறியிருந்தது. நெருங்கிய ஒருவர் வராமல் இருப்பதற்கு நான் கேள்விப்பட்ட காரணங்கள் பல. அவருடைய அம்மாவோ அக்காவோ இதே நோயில் போயிருப்பார். அவர் மார்பிலேயே ஏதோ தட்டுப்பட்டு, காட்டப் பயந்துகொண்டிருப்பார். முதல் வாரம் என்ன பேசுவது என்று தெரியாமல் தள்ளிப்போட்டு, இரண்டாம் வாரம் தள்ளிப்போட்டதற்கே வெட்கப்பட்டு, அப்படியே நாள் ஓடியிருக்கும். இந்த மூன்றாவதுதான் அதிகம். ஒரு செய்தி அனுப்புங்கள், ஒன்றே ஒன்று. ஏன் வரவில்லை என்று கேட்காமல், நேரில் வராமலே செய்யக்கூடிய ஒரு வேலையைக் கொடுங்கள்: காப்பீட்டுப் படிவங்களை நிரப்புவது, உங்கள் அலுவலகத்துக்கும் மற்ற நண்பர்களுக்கும் வாரம் ஒருமுறை நிலவரம் சொல்வது, உங்களுக்கு வரும் விசாரிப்பு அழைப்புகளை வாங்கிக்கொள்வது. அதைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுகிறவர்கள் உண்டு. பதிலே வராமலும் போகலாம். வரவில்லை என்றால் இந்த ஆண்டு அந்த நட்பைத் துரத்திக்கொண்டு ஓட உங்களுக்கு மூச்சு கிடையாது, நாலு பேரை வைத்துக்கொண்டு மேலே நடக்க வேண்டியதுதான்.

சுமையாகாமல் எப்படி என்று கேட்டிருந்தீர்கள். மார்பகப் புற்றுநோய் வந்த 2,835 செவிலியர்களை (ஆம், எங்கள் ஆட்கள்தான்) பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் அமெரிக்க ஆய்வு 2006இல் வெளியானது. நோய்க்கு முன்பே உறவும் நட்பும் அற்றுத் தனித்திருந்தவர்களுக்கு, மனிதர்கள் சூழ வாழ்ந்தவர்களைவிட இறப்பு அபாயம் 66 சதவீதம் அதிகமாக இருந்தது. வேளைக்கு மருந்து வாங்கிவர, மருத்துவமனைக்குக் கூட்டிப்போக ஆள் இருந்ததும் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். இதைப் படித்துவிட்டு நண்பர்களை எண்ணத் தொடங்க வேண்டாம். நட்பு புற்றுநோயைக் குணமாக்கும் என்று இதற்குப் பொருள் இல்லை. நோய் பரவிய நிலையில் இருந்த பெண்கள் குழுவாகக் கூடிப் பேசியதால் ஆயுள் கூடியது என்று 1989இல் ஓர் ஆய்வு சொன்னது. 2001இல் கனடாவில் இன்னும் பெரிதாகச் செய்து பார்த்தபோது ஆயுள் கூடவில்லை. ஆனால் மனவேதனையும் வலியும் குறைந்தன. எனக்கு அதுவே போதுமான காரணம். சுமையாகாமல் இருக்க முடியாது. இந்த ஆண்டு நீங்கள் சுமைதான். ஐந்து பேர் பங்கு போட்டுத் தூக்கினால் ஒருவர் முதுகும் ஒடியாது.

தோழிகளால் தர முடியாத ஒன்றும் இருக்கிறது. இதே அறுவை செய்துகொண்டு சில ஆண்டுகளைத் தாண்டியவரோடு பேசுவது. டெரிஸ் லாசர் என்ற நியூயார்க் பெண்மணி, தனக்கு மார்பகம் எடுத்த பிறகு யாரும் ஒன்றும் சொல்லித் தராத கோபத்தில், 1952இல் மற்ற நோயாளிகளின் கட்டிலருகே தானே போய் உட்காரத் தொடங்கினார். மருத்துவர்கள் சிலர் அவரை வெளியே போகச் சொன்னதும் உண்டு. பிற்பாடு அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமே அந்தப் பணியை ஏற்றுக்கொண்டது. இன்று பல நாடுகளில் நடக்கிறது. உங்கள் மருத்துவமனையில் அப்படி யாரேனும் வருகிறார்களா என்று கேளுங்கள். சட்டைக்குள் என்ன வைத்துக்கொள்கிறார், மறுபடி எப்போது வண்டி ஓட்டினார் என்பதை எல்லாம் அவரிடம் கூச்சமில்லாமல் கேட்கலாம்.

கை வீக்கம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் விட முடியாது. அக்குள் முடிச்சுகளைப் பெருமளவு எடுத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குப் பின்னால் நிணநீர் வீக்கம் வருகிறது. ஓரிரு முடிச்சை மட்டும் சோதனைக்கு எடுத்தவர்களில் 100க்கு ஐந்தாறு பேருக்குத்தான். உங்களுக்கு எத்தனை எடுத்தார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மோதிரமோ கடிகாரமோ இறுகுவது, கை கனப்பது, சட்டைக் கை ஒரு பக்கம் மட்டும் பிடிப்பது, இவை முதல் அடையாளங்கள். அப்போதே வந்தால் கட்டுப்படுத்துவது சுலபம். அந்தக் கையில் வெட்டுக்காயம், சூடு படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கையால் ஆயுளுக்கும் கனம் தூக்கக் கூடாது என்ற பழைய அறிவுரையை 2009இல் வந்த ஆய்வு தள்ளிவிட்டது. ஆறிய பிறகு, பயிற்சியாளர் துணையோடு படிப்படியாக எடை தூக்கிப் பழகியவர்களுக்கு வீக்கம் கூடவில்லை.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் மனம் ஒட்டாமல், தூக்கமும் பசியும் போய், இருந்து என்ன பயன் என்ற நினைப்பு வந்தால் அதை நோட்டுத் தோழியிடமோ வேறு யாரிடமோ மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்கும் சிகிச்சை உண்டு, அது தோழிகள் பார்க்க வேண்டிய வேலை அல்ல.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அநேகமாக பேத்தாலஜி ரிப்போர்ட் வந்திருக்கும். அன்றைக்கு நோட்டுத் தோழியைக் கூட்டிப் போங்கள், அழுகிற தோழியை வேண்டாம். ரிப்போர்ட்டைக் கேட்கும்போது காதில் பாதிதான் விழும், எழுத ஒரு ஆள் வேண்டும். கட்டியின் அளவு என்ன, எடுத்த திசுவின் ஓரங்கள் நோய் இல்லாமல் சுத்தமாக இருக்கின்றனவா, எத்தனை முடிச்சு எடுத்து அதில் எத்தனையில் நோய் இருந்தது, ஹார்மோன் ஏற்பிகள் உண்டா, ஹெர்2 என்ன, அடுத்த சிகிச்சை எது, எந்தத் தேதியில் என்று கேட்டு எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். அன்றே குழாயை எடுக்கவும் கூடும். எடுப்பது சில நொடி வேலை, ஒரு இழுப்பு தெரியும். கிளம்புவதற்கு முன் வலி மாத்திரை போட்டுக்கொள்ளலாமா என்று போனில் கேட்டுக்கொள்ளுங்கள். முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை போட்டுப் போங்கள். வண்டி ஓட்டுவது தோழியாக இருக்கட்டும். சீட் பெல்ட் தையலில் உரசாமல் நடுவில் ஒரு சிறு தலையணை வைத்துக்கொள்ளுங்கள்.